பீரோவை நகர்த்தியாகிவிட்டது

போடிநாயக்கனூர்
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் சிவக்குமாருக்கு உன் அம்மா மொக்கம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான் இருக்கிறேன், மூட்டு வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. தேவாரத்தில் உன் தங்கை அமுதவள்ளியும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம், உன் சித்தப்பா சுருளியும் சுகம். அங்கே கனடாவில் நீயும் மருமகள் பானுப்பிரியாவும் என் பேத்தி பவதாரணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பரமசிவன் மலை இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். சுகம் விசாரிக்கிறது முறை, விசாரித்துவிட்டேன். இதற்கு மேல் எழுதப்போவது எல்லாம் கோபத்தில் எழுதுவது, நீ உட்கார்ந்து வாசி, நின்றுகொண்டு வாசிக்காதே.

கையில் போன் இருக்க, சுவரில் அத்தனை பெரிய டிவி இருக்க, இந்த அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், அதுவும் மலையில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், மழை பெய்தால் லீவு. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பத்து மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் ஐந்தரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு அங்கே அப்போதுதான் காலை. தலை வாரி, துவைத்த சேலை கட்டி உட்காருவேன். நீ வருவாய், உன் மூஞ்சி பாதி வரும், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், அப்புறம் நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அம்மா கேக்குதா கேக்குதா என்று நீயும், கேக்குதுய்யா கேக்குதுய்யா என்று நானும் கத்தி, பத்து நிமிசப் பேச்சில் எட்டு நிமிசம் கேக்குதாவிலேயே போய்விடும். மீதி இரண்டு நிமிசத்தில், உங்க சைடுலதாம்மா பிரச்சினை, நெட்டைச் சரி பண்ணி வையுங்க, அடுத்த வாரம் பேசுறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாய். உங்க சைடு, உங்க சைடு. இந்த வார்த்தையை எத்தனை ஞாயிறு கேட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். சித்திரையில் உன் சித்தப்பா உன்னிடம் ஐப்பசியில் வருகிற உங்கப்பாவின் தலைத்திவசத்தைப் பற்றிக் கேட்டபோதும் நீ என்ன சொன்னாய், நெட்டு மட்டும் நல்லா இருந்தா இங்கிருந்தே டிவியில பார்த்துச் செஞ்சிடலாம் சித்தப்பா, இப்ப எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க என்றாய். எல்லாரும் யார் என்று அன்றைக்கே கேட்டிருப்பேன், அதற்குள் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

உங்கப்பா போன அன்றைக்கு நீ வராததற்கு நான் கோபப்படவில்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார், ஜீப்பில் தூக்கிப் போட்டு போடிமெட்டு வளைவெல்லாம் இறக்கிக் கொண்டுவரும்போது அடிவாரத்து முந்தலுக்கு மேலேயே உயிர் போய்விட்டது. வெள்ளிக்கிழமை எடுத்தாக வேண்டும், நீ எந்தப் பிளேனில் ஏறினாலும் வந்து சேர முடியாது. உன் சித்தப்பா கொள்ளி வைத்தார். சரி. பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்திருக்கலாம், லீவு இல்லை என்றாய், அதையும் விழுங்கிவிட்டேன். நான் சொல்ல வந்தது பீரோவைப் பற்றி. அன்றைக்கு அவரைக் கிடத்துவதற்கு முன்கூடத்தில் இடம் வேண்டும், தெற்குச் சுவரோரம் தலை வைக்க வேண்டும், அந்த இடத்தில் நம் இரும்புப் பீரோ நின்றது. நாலு ஆம்பளைகள் சேர்ந்து அதைத் தூக்கி எதிர்மூலையில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த மூலையில்தான் வைஃபை பெட்டி வைத்திருக்கிற பலகை இருக்கிறது, நீ இரண்டு வருசத்துக்கு முன்னால் வந்தபோது ஆணி அடித்து வைத்தாயே, அதே பலகைதான். பீரோ அதை அப்படியே மறைத்துக்கொண்டது. யாருக்கு அன்றைக்கு அதெல்லாம் கண்ணில் படும். அவரை எடுத்த பிறகு தலை இருந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைத்தோம். பதினாறு முடிந்ததும் விளக்கை எடுத்துப் போட்டோவுக்கு முன்னால் வைத்துவிடு என்று பெரிய பொம்பளைகள் எல்லாரும் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. வருசம் திரும்பட்டும், என் மகன் வந்து உட்கார்ந்து திவசம் கொடுத்த பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். விளக்கு அங்கே இருந்ததால் பீரோ திரும்ப அதன் இடத்துக்குப் போகவில்லை. கூட்டுகிறவர்கள்கூட அந்த விளக்கைச் சுற்றித்தான் கூட்டுவார்கள். இது என் பிடிவாதம், என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். நான் செய்த பிழையை நான் எழுதுகிறேன், நீ செய்ததை நீ சொல்ல வேண்டும்.

நெட்டு நிற்கிறது நிற்கிறது என்று நீ சொன்ன பிறகு சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. முதலில் உன் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் மலையைப் பார்த்துவிட்டு, மதினி, மேல போடிமெட்டுல மேகம் எறங்குனா கீழ நெட்டு நிக்கும், அது காத்துல வர்ற சாமான் என்றார். நானும் நம்பினேன். ஒரு மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து வாசலில் நின்று மலையில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், தெருவில் போகிறவர்கள் எல்லாம் மழைக்கா பாக்குற என்று கேட்டார்கள், என் மகனுக்குப் பாக்குறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மேகமே இல்லாத பங்குனி வெயிலிலும் வட்டம் சுற்றியது. அதற்குப் பிறகு நெட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பொம்பளைக் குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன், அது தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது, அப்புறம்தான் தெரிந்தது அது ரெக்கார்டு என்று. மூன்றாம் நாள் ஒரு ஆள் பேசினான். கனெக்சன் யார் பேர்ல இருக்கும்மா என்று கேட்டான். உங்கப்பா பேரைச் சொல்லி, கன்னையன் பேரில் என்றேன். அப்ப சார லைன்ல வரச் சொல்லுங்க, அவரு பேசினாத்தான் நாங்க கம்ப்ளைன்ட் எடுக்க முடியும் என்றான். அவர் தோட்டத்துக்குப் போயிருக்கார் என்று சொல்லிவிட்டேன். எப்ப எறங்குவார் என்று கேட்டான். நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க நான் சோறு சாப்பிடவில்லை. மறுநாள் மறுபடி போட்டேன், அதே மாதிரி இன்னொருத்தன் சாரைக் கூப்பிடச் சொன்னான், சார் செத்து எட்டு மாசம் ஆச்சு, எங்கிருந்து கூப்பிட, நீ வேணா போய்க் கூட்டிட்டு வா என்று சத்தம் போட்டேன். அவன் சாரிம்மா என்றான். நல்ல பையன் போலிருக்கிறது, குரல் ஒடுங்கிவிட்டது. ஆனாலும் இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க, பேரு மாத்தணும் என்றுதான் முடித்தான். நான் பேரை மாற்றவில்லை. அவர் பேரிலேயே இருக்கட்டும்.

அந்தச் சத்தத்துக்குப் பயந்தோ என்னவோ நாலு நாளில் கம்பெனியிலிருந்து நரைத்த மீசை வைத்த ஒருத்தர் வந்தார். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் ஒரு கையை மட்டும் விட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், போனை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். லைன் பால் மாதிரி வருதும்மா, கோளாறு உங்க டிவியிலதான் என்றார். கையெழுத்துக் கேட்டார், போட்டேன். அப்புறம் டிவி கடையிலிருந்து ஆளைக் கூப்பிட்டேன். அவர் டிவியை எல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு, டிவி தங்கமா இருக்கு, கோளாறு நெட்டுலதான், நெட்டுக்காரன் பேச்ச நம்பாதீங்க என்றார். நெட்டுக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார், டிவிக்காரர் டிவிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். நடுவில் நின்ற பீரோவை இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன, நானும் பத்து மாதமாகச் சுற்றிக்கொண்டுதானே நடக்கிறேன். இதற்காக நான் காய் பொறுக்குகிற கிடங்கில் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை, கணக்குப்பிள்ளை என்ன மொக்கம்மா, டிவி பார்த்துப் பழகிட்டியா என்று நக்கலாகக் கேட்டான். ஆமா, மகனப் பார்த்துப் பழகிட்டேன் என்று சொன்னேன்.

அதற்கப்புறம்தான் பாண்டீஸ்வரி வந்தாள். நம் பக்கத்து வீட்டுக்குக் குடி வந்திருக்கிற பெண், உனக்குத் தெரியாது. ஏலக்காய் ஏல மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். அங்கே ஒரு நொடி நெட்டு நின்றால் வியாபாரிகள் எல்லாரும் எழுந்து கத்துவார்களாம், அதனால் நெட்டு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்குப் பாதிச் சோலி. போன வெள்ளிக்கிழமை வெற்றிலை வாங்கி வந்தவள் நான் டிவியோடு சண்டை போடுவதைப் பார்த்து உள்ளே வந்தாள். போனைக் கையில் ஏந்திக்கொண்டு டிவியிலிருந்து பெட்டி இருக்கிற மூலை வரைக்கும் ஒவ்வொரு அடியாக நடந்தாள், சாமியாடி மாதிரி. பீரோவைத் தாண்டின உடனே நின்று சிரித்தாள். அத்தே, கோளாறு பெட்டியிலயும் இல்ல டிவியிலயும் இல்ல, இந்தப் பீரோ உங்க மகன் மூஞ்சிய மறைச்சுக்கிட்டு நிக்குது, இரும்பு தாண்டி அது வராது என்றாள். நகர்த்த வேண்டும் என்றாள். எங்கே நகர்த்த, பழைய இடத்தைத் தவிர அத்தனை பெரிய பீரோவுக்கு வேறு இடம் இல்லை, அங்கே விளக்கு இருக்கிறது. நான் முடியாது என்றேன். அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி அத்தே, பெட்டிய வேணா வேற பக்கம் மாத்த ஆள் கூப்பிடலாம், ஒயரு இழுக்கணும், பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகு நான் அந்த விளக்குக்கு முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு ஞாயிறு போய்விடும். ஐப்பசிக்கு நீ வருகிறாயா என்று உன் மூஞ்சியைப் பார்த்துக் கேட்க வேண்டும், வட்டத்தைப் பார்த்துக் கேட்கக் கூடாது. சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, பத்து மாதமாக யாரையும் தொடவிடாத விளக்கை என் கையாலே எடுத்து அவர் போட்டோவுக்கு முன்னால் வைத்தேன். எண்ணெய் ஒரு சொட்டுத் தரையில் விழுந்தது, அதை மட்டும் துடைக்கவில்லை. அப்புறம் பாண்டீஸ்வரியையும் அவள் புருசனையும் கூப்பிட்டு பீரோவை நகர்த்தச் சொன்னேன். உன் மூஞ்சி தெரிய வேண்டும் என்று செய்தேன் சிவக்குமார். இதை மறக்காதே, மேலே வாசி.

பீரோவை இழுத்ததும் பெட்டியின் பச்சை விளக்குகள் கூடத்தைப் பார்த்து மின்னின. டிவியில் இருக்கிற பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று பாண்டீஸ்வரி அழித்துவிட்டாள், அழித்த பிறகு அது பாஸ்வேர்டு கேட்டது. எனக்கு என்ன தெரியும். உன் பேரை அடித்தாள், வரவில்லை. அமுதவள்ளி பேர், பவதாரணி பேர், நான் பிறந்த ஊர், ஒன்றும் வரவில்லை. பானுப்பிரியாவிடம் போனில் கேட்டாள், மாமனாருக்குத்தான் தெரியும் என்று பதில் வந்தது. இருக்கிறதையும் கெடுத்துவிட்டோம் என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அப்போது பாண்டீஸ்வரியின் புருசன் பலகைக்குக் கீழே என்னமோ ஒட்டியிருக்கே என்றான். நாள் காலண்டர்த் தாள். பின்பக்கம் உங்கப்பா எழுத்து. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார். தோட்டத்து ஸ்டோரில் எத்தனை சூடு வைக்க வேண்டும், எத்தனை மணிக்கு விறகு போட வேண்டும் என்று எழுதி ஒட்டுகிற பழக்கம் அவருக்கு, வேலைக்காரர்கள் யாரும் வந்து கேட்கக் கூடாது, பார்த்துச் செய்ய வேண்டும் என்பார். அதே மாதிரி எழுதியிருக்கிறார். நெட்டு நின்றால் சுவிட்சை அணை. முப்பது எண்ணு. வெரசாக எண்ணாதே. போடு. பச்சை வரும்வரை பொறு. டிவி பாஸ்வேர்டு கேட்டால் கீழே உள்ளதை அடி. அதற்குக் கீழே பாஸ்வேர்டு. அதற்கும் கீழே கடைசியாக ஒரு வரி, பையனைக் கூப்பிட்டுக் கேட்காதே, அவனுக்கு ஆபீஸ் சோலி. அடிக்கோடு போட்டிருந்தார். எனக்கு அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கிறது. அவர் போன வியாழனுக்கு முந்தின திங்கட்கிழமை அது. ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், என்ன எழுதுறீக என்றேன், சும்மா என்றார். மலைக்கு ஜீப்பு வரும்வரை எழுதினார். அதற்கு முந்தின நாள் நீ என்ன பேசினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. படம் நின்று நின்று வந்தது, அவர் எந்தச் சுவிட்ச்சுய்யா என்று மூன்றாவது தடவை கேட்டார், நீ கத்தினாய். ஒரு சுவிட்ச அணைச்சுப் போடத் தெரியலயா, நாப்பது வருசம் தோட்டத்துல என்னத்த மேய்ச்சீங்க என்றாய். அதுதான் நீ அவரிடம் கடைசியாகப் பேசியது. அவர் சிரித்துக்கொண்டு சரிய்யா சரிய்யா என்றார்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்தத் தாளில் உள்ளபடி அடித்து டிவி வந்துவிட்டது. பாண்டீஸ்வரி சோதித்துக் காட்டினாள், ஒரு மணி நேரம் பக்திப் பாட்டு ஓடியது, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஐந்தரைக்கு நீ வந்தாய். பத்து மாதத்தில் முதல் தடவையாக உன்னை முழுசாகப் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். காது ஓரம் நரைத்திருக்கிறது, சவரம் செய்யவில்லை, அந்தப் பச்சைச் சட்டையின் காலர் கிழிந்திருக்கிறது, தைத்துப் போடு. அம்மா, இன்னைக்கு நல்லாத் தெரியுதும்மா என்று நீயே சொன்னாய். நீ சந்தோசமாகச் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை. நான் வேறு எதுவும் பேசவில்லை, ஐப்பசி தேய்பிறைப் பஞ்சமிக்கு நீ வர்றியா இல்லையா அப்பு என்று கேட்டேன். நீ வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றாய். நான் மறுபடியும் நெட்டு போய்விட்டது என்று நினைத்து எழுந்து சுவிட்சை அணைக்கப் போனேன். பக்கத்தில் இருந்த பாண்டீஸ்வரி என் கையைப் பிடித்து டிவியைக் காட்டினாள். உன் மூஞ்சி அசையவில்லை, உனக்கு முன்னால் இருந்த காப்பித் தம்ளரிலிருந்து ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் பவதாரணி வந்தாள், என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள், அப்பத்தா என்றாள். அப்புறம் உன் தோளைத் தட்டி, அப்பா, ஏன் ஸ்டேச்சு மாதிரி இருக்கீங்க என்று கேட்டாள். நீ அப்போதும் அசையவில்லை. ஆனால் உன் இடது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னத்து மயிரில் போய் நின்றது. அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நீயே அணைத்துவிட்டாய். பாண்டீஸ்வரி, சரி அத்தே, சோறு வடிக்கணும் என்று எழுந்து போய்விட்டாள், அடுத்த வீட்டுப் பெண் முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி. இதற்கு முந்தின ஞாயிறுகளில் எத்தனை தடவை பீரோ மறைத்தது, எத்தனை தடவை நீ நின்றாய் என்று நான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன். ராத்திரியும் பகலும் அதுதான் எனக்கு வேலை. இதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்துக்கு முன்னால் நீ எத்தனை நேரம் வேண்டுமானாலும் அசையாமல் நில், எழுத்து அங்கேயே இருக்கும்.

நீ ஏன் வர மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். லீவு இல்லை என்பதும் பொய், டிக்கெட் என்பதும் பொய். நீ பேசின அந்த வார்த்தையில்தான் உங்கப்பா போனார் என்று மனதில் வைத்துக்கொண்டு திரிகிறாய். அப்படி நினைத்தால் அது உன் திமிர். உன் ஒரு வார்த்தைக்கு நெஞ்சு வெடித்துச் சாகிற ஆளா உங்கப்பா. மலையில் அட்டைக்கடியிலும் பனியிலும் முதலாளி வசவிலும் நாற்பது வருசம் நின்றவர். ஆடியிலிருந்தே அவருக்கு நெஞ்சில் வலி இருந்தது, இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், வாய்வு என்று சொல்லி என்னிடம் வெள்ளைப்பூண்டு கேட்பார். நானும் சுட்டுக் கொடுத்தேன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. காய் எடுக்கிற நேரம், ஸ்டோரை யார் பார்ப்பார்கள் என்றார், நானும் சரி என்றேன். பழி சொல்ல ஆள் வேண்டும் என்றால் முதலில் நான் இருக்கிறேன், எனக்குப் பின்னால் நில். உன் பேச்சு அவருக்கு வலித்தது, அது நிஜம், இல்லை என்று நான் உனக்குப் பூசி எழுத மாட்டேன். வலித்ததால்தான் உன்னைக் கூப்பிடாதே என்று அடிக்கோடு போட்டார். ஆனால் வலித்தவர் காலண்டர்த் தாளில் எழுதி ஒட்டி, நெட்டைச் சரி பண்ணுகிற வழியைப் பழகினார் அப்பு, அடுத்த ஞாயிறு உன்னைப் பார்க்க வேண்டும் என்று. கோபித்துக்கொண்டவர் டிவியை அணைத்துத் துணி போட்டு மூடியிருப்பார். எனக்கு உன் மேல் கோபம் நீ அன்றைக்குக் கத்தினதற்கு இல்லை, பிள்ளைகள் கத்தும். பத்து மாதமாக ஒரு இரும்புப் பீரோவுக்குப் பின்னால் நீ ஒளிந்துகொண்டு, உங்க சைடு உங்க சைடு என்று என்னை அலையவிட்டாயே, செத்துப்போனவரை லைனில் வரச் சொல்கிறவனிடம் என்னைப் பேச வைத்தாயே, அதற்குத்தான் கோபம். அது ஆறாது. நேரில் வந்தால் ஆறும்.

உன் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், திவசத்துக்கு மணையில் நீங்கள் உட்காரக் கூடாது என்று. அவருக்கு வருத்தம்தான், அவன் வராட்டி என்ன செய்வ மதினி என்றார். மணை காலியாகக் கிடக்கும், ஐயர் காலி மணைக்கு மந்திரம் சொல்லட்டும், ஊர் பார்க்கட்டும் என்றேன். அன்றைக்கு டிவியைப் போட மாட்டேன், ஒயரைப் பிடுங்கி வைத்துவிடுவேன். விளக்கு இப்போது போட்டோவுக்கு முன்னால் எரிகிறது, பீரோ அதன் பழைய இடத்தில் நிற்கிறது, பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. எங்க சைடு சரியாகிவிட்டது. அமுதவள்ளி வீட்டு மக்காச்சோளத்தில் போன வாரம் யானை இறங்கிப் பாதியை மிதித்துவிட்டது, மாப்பிள்ளை ராத்திரி தகரம் தட்டிக்கொண்டு கிடக்கிறார், அப்படி இருந்தும் திவசத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். நீ வந்தால் பானுப்பிரியாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா, அவர்களுக்கு முடியாவிட்டால் நீ மட்டுமாவது வா. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, அந்த மூஞ்சியில் ரத்தமே இல்லை. கீரை கிடைத்தால் வாங்கிச் சாப்பிடு. குழந்தையை உன்னை மாதிரி நிற்கப் பழக்காதே, அவள் கை ஆட்டுகிறவளாகவே இருக்கட்டும்.

உனக்கும் மருமகளுக்கும் தீர்க்காயுசும், பேத்திக்கு நல்ல படிப்பும், நீங்கள் இருக்கிற வீட்டில் எப்போதும் அடுப்பு எரிகிற பாக்கியமும் அந்தப் பரமசிவன் கொடுக்கட்டும். என் கோபம் உன்னைத் தீண்டாது, அது அம்மாவின் கோபம். அவர் எழுதின தாளை இதோடு வைத்து அனுப்பவில்லை. பலகையில் ஒட்டினபடியே இருக்கிறது, சுரண்டினால் கிழிந்துவிடும். பாஸ்வேர்டு என்ன என்றும் எழுத மாட்டேன். வந்து பார்த்துக்கொள், பார்த்தால் நீ சிரிப்பாய், அப்புறம் அழுவாய். கடைசியாக ஒன்று. இதை வாசித்து முடித்ததும் உடனே போனை எடுக்காதே, உடனே எடுத்தால் சாக்குத்தான் வரும். உங்கப்பா எழுதின மாதிரி முப்பது எண்ணு, வெரசாக எண்ணாதே. அதற்குப் பிறகு கூப்பிட்டு வர்றேன் என்றோ வரமாட்டேன் என்றோ ஒரு வார்த்தை சொல். எதைச் சொன்னாலும் அசைந்து சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
க. மொக்கம்மாள்